சோப்புப் பூங்காவில் நார்மன்

எங்கள் ஊரின் பெயர் டாலோ பாயின்ட். மாட்டுக் கொழுப்பு முனை என்று அர்த்தம். சிட்னி துறைமுகத்துக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் இந்த ஊரில் வீடு விற்க வருகிற தரகர்கள் அந்த அர்த்தத்தை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

ஒரு காலத்தில் இங்கே சோப்புத் தொழிற்சாலை இருந்தது. கொழுப்பைக் காய்ச்சுகிற நாற்றம் தாங்காமல், படகில் போகிறவர்கள் முனையைத் தாண்டும்வரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்களாம். வேறு எங்கேயும் வாடகை கட்ட முடியாதவர்கள்தான் அப்போது இங்கே குடியிருந்தார்கள். இப்போது கதை வேறு. கழிவறைத் தொட்டியின்மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தால் ஒரு கையளவு கடல் தெரியும் என்றால்கூட, 'கடல் பார்த்த வீடு' என்று விளம்பரம் போட்டுவிடுகிறார்கள்.

தொழிற்சாலை நின்ற இடத்தில் இன்று ஒரு பூங்கா இருக்கிறது. நகராட்சி அதற்கு வைத்த பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அது சோப்புப் பூங்கா. மேலே ஆலமரம்போல் பரந்த ஓர் அத்திமரம். அதன் கீழே சமமான புல்தரை. அங்கிருந்து மணற்கல் படிகள் படகுத்துறைக்கு இறங்கும். படிகளுக்குப் பக்கத்துப் பாறையடியில் ஒரு சிப்பிக் குவியல் உண்டு. தொழிற்சாலைக்கும் ஊருக்கும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இங்கே மீன் பிடித்துச் சாப்பிட்ட பூர்வகுடிகள் விட்டுப்போனது. அதை யாரும் தொடக் கூடாது.

பூங்கா சும்மா வந்துவிடவில்லை. தொழிற்சாலையை மூடியதும், அந்த இடத்தில் உயர உயரமாகக் கட்டடம் எழுப்ப ஒரு நிறுவனம் வந்தது. புல்டோசர் வந்த காலையில், இந்தத் தெருவில் வசித்த ஏழு பெண்கள் தங்கள் சமையலறை நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய் அத்திமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். புல்டோசர் ஓட்டுநர் என்ஜினை நிறுத்தினார். அவர்கள் கொடுத்த தேநீரைக் குடித்தார். வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாளும் அதேதான் நடந்தது. அப்படியே மாதக்கணக்கில் போய், கடைசியில் கட்டட நிறுவனம் கிளம்பிவிட்டது.

அந்த ஏழு பேரில் மிகவும் இளையவர் பெவர்லி லோகன். மடியில் கைக்குழந்தையுடன் உட்கார்ந்திருந்தார். அந்தக் குழந்தைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

ஜோஸி ஃபாருஜாவின் பக்கத்து வீட்டுக்காரர் இந்த மிஸஸ் லோகன்தான்.

ஜோஸிக்குப் பத்து வயது. அவள் அப்பா சார்லி துறைமுகப் படகில் வேலை பார்க்கிறார். படகு கரையை ஒட்டும்போது கயிற்றை வீசிக் கட்டுவதும் பலகையைப் போடுவதும் அவர் வேலை. வேலிக்கு இந்தப் பக்கம் ஜோஸியின் பந்து, அந்தப் பக்கம் மிஸஸ் லோகனின் பூச்செடிகள். பந்து அடிக்கடி வேலி தாண்டும். மிஸஸ் லோகன் ஒவ்வொரு முறையும் திட்டுவார், ஒவ்வொரு முறையும் பந்தைத் திருப்பிக் கொடுப்பார். இருவருக்கும் அப்படி ஒரு சிநேகம்.

அந்த ஆண்டு பூங்காவுக்கு ஐம்பது வயது. அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை விழா என்று முடிவாயிற்று. விழாக் குழுவுக்கு மிஸஸ் லோகன்தான் தலைவர். வேறு யாருக்கும் தலைவராகும் தைரியம் இல்லை.

ஆகஸ்டில், இங்கே குளிர்காலம் முடிகிற சமயத்தில், நார்மன் வந்தான்.

* * *

முதலில் பார்த்தது ஜோஸியும் அவள் வகுப்புத் தோழன் துவானும்தான். துவானின் வீட்டார் படகுத்துறைப் பக்கத்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார்கள். இருவரும் பூங்கா வழியாகப் பள்ளிக்குப் போவது வழக்கம்.

அத்திமரத்தடியில் ஒரு கரிய பறவை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கோழியைவிடப் பெரியது. மொட்டைச் சிவப்புத் தலை, கழுத்தில் மஞ்சள் பை, விசிறியை நிமிர்த்தி வைத்ததுபோல வால். புதர் வான்கோழி. அது கால்களால் சருகைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. தள்ளும், ஓரடி பின்னால் போகும், மறுபடி தள்ளும்.

"என்னடா பண்றான் இவன்?" என்றாள் ஜோஸி.

"பெருக்குறான். எங்க அம்மா பாத்தா வேலைக்கு வெச்சுக்குவாங்க."

"பெருக்கல. குவிக்கிறான் பாரு."

"மஞ்சள் டை கட்டிக்கிட்டு வேலை பாக்கிறான். நார்மன்னு பேர் வைக்கலாம். நம்ம பழைய தலைமையாசிரியர் பேர் அது, அவர் மாதிரியே இருக்கான்."

பெயர் ஒட்டிக்கொண்டது. குவியலும் வளர்ந்தது. கணுக்கால் உயரம், முழங்கால் உயரம், பிறகு துவானின் இடுப்பு உயரம். ஒரு காரை நிறுத்துகிற அளவுக்கு அகலம். நார்மன் மழையிலும் வேலை செய்தான், வெயிலிலும் செய்தான். அவ்வப்போது மேட்டில் அலகை நுழைத்து, சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். சூடு குறைந்தால் சருகு சேர்த்தான். கூடினால் கிளறி ஆற்றினான். பெட்டைகள் வந்து மேட்டுக்குள் முட்டை வைத்துவிட்டுப் போயின. அடைகாப்பதெல்லாம் அவற்றின் வேலை இல்லை. அழுகும் சருகின் சூட்டில் மேடு பார்த்துக்கொள்ளும். மேட்டை நார்மன் பார்த்துக்கொள்வான்.

சருகு தீர்ந்துபோனதும் நார்மன் அக்கம்பக்கத்தில் தேட ஆரம்பித்தான். விழாவுக்காக மிஸஸ் லோகன் தன் பூந்தோட்டத்துக்கு மூட்டை மூட்டையாக மரச்சீவல் வாங்கிப் பரப்பியிருந்தார். ஒரு நாள் காலையில் அதில் பாதி தெருவில் கிடந்தது. மறுநாள் பூங்கா வாசலில் கிடந்தது. அதற்கு மறுநாள் மேட்டின்மேல் இருந்தது. கூடவே இரண்டு ரோஜாச் செடிகளும்.

"திருட்டுப் பய!" என்று தெருவில் நின்று கத்தினார் மிஸஸ் லோகன். "என் செடியைக் கொண்டுபோய் அவன் வீட்டுக்கு அலங்காரம் பண்ணியிருக்கான்!"

"அவனுக்குத் தெரியாதுல்ல மிஸஸ் லோகன், அது உங்களுதுன்னு," என்றாள் ஜோஸி.

"வேலி எதுக்குப் போட்டிருக்கேன்? அழகுக்கா?"

ஜோஸியின் பந்துக்கும் அந்த வேலியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

* * *

ரோஜாச் செடியை மிஸஸ் லோகன் மன்னித்திருப்பார். மேடு இருந்த இடம்தான் தொல்லை. நாற்காலி போட்டு அந்த ஏழு பேரும் உட்கார்ந்த அதே இடம். ஏழு பேரில் நான்கு பேர்தான் இப்போது இருக்கிறார்கள். அந்த நான்கு பேரும் அதே இடத்தில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வதுதான் விழாவின் முக்கிய நிகழ்ச்சி.

நகராட்சியின் பூங்கா அலுவலர் ரஸ்ஸல் அகலத் தொப்பியுடன் வந்தார். மேட்டைச் சுற்றி நடந்தார். மோவாயைச் சொறிந்தார்.

"ஒண்ணும் பண்ண முடியாது, பெவ். முட்டை இருக்கிற மேட்டைத் தொட்டா குத்தம். சட்டம் அப்படி."

"அப்போ அவனைத் தொடுங்க."

"அவனையும் தொடக் கூடாது."

"எனக்கு ஏதாவது சட்டம் இருக்கா, ரஸ்ஸல்? ஒரு குடிமகளுக்கு?"

"கண்ணாடி வெச்சுப் பாக்கலாம்," என்றார் ரஸ்ஸல். "வேற ஆண் பறவை வந்திருக்குன்னு நெனச்சு, அதோட சண்டை போட்டுக்கிட்டு வேலையை மறந்துரும்னு சொல்றாங்க."

மிஸஸ் லோகன் தன் படுக்கையறைக் கண்ணாடியையே கொண்டுவந்து மரத்தில் சாய்த்து வைத்தார். நார்மன் கொஞ்ச நேரம் கண்ணாடியோடு சண்டை போட்டான். பிறகு அதன் முன்னால் நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு வேலைக்குத் திரும்பினான். சாயங்காலம் பார்த்தபோது கண்ணாடியின் பாதியைச் சருகு மூடியிருந்தது.

விழாவுக்கு முந்தைய வியாழக்கிழமை மிஸஸ் லோகன் வீட்டுச் சமையலறையில் குழு கூடியது. ஜோஸியின் அப்பா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட தங்கள் பூர்வீகமான மால்டா நாட்டுப் பணியாரம் ஒரு தட்டு கொடுத்தனுப்பியிருந்தார். கொண்டுபோன ஜோஸி அங்கேயே நின்றுவிட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. எல்லோரும் பணியாரத்தில் இருந்தார்கள்.

"மேட்டைச் சுத்திக் கயிறு கட்டிட்டேன்," என்றார் ரஸ்ஸல். "கயித்துக்கு உள்ள யாரும் போகக் கூடாது. அதனால விழாவைக் கீழே மாத்திக்கலாம். கழிவறைக் கட்டடம் பக்கத்துல நல்ல சமமான இடம் இருக்கு."

மிஸஸ் லோகன் கையிலிருந்த பணியாரத்தைத் தட்டில் வைத்தார்.

"கழிவறை பக்கத்துலயா?" என்றார் மிஸஸ் லோகன்.

"நிழல் இருக்கு அங்க. தண்ணிக் குழாய்கூட இருக்கு."

மிஸஸ் லோகன் கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கத்தவில்லை. "சரி. யோசிக்கிறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, பாத்திரங்களை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.

ஜோஸிக்கு அது பிடிக்கவில்லை. மிஸஸ் லோகன் கத்தினால் அது வானிலை மாதிரி, வரும், போகும். அவர் 'சரி' என்று சொல்லி ஜோஸி கேட்டதே இல்லை.

* * *

வெள்ளிக்கிழமை விடிகிற நேரம். அப்பா முதல் படகுக்குப் போய்விட்டார். அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு வாசற்கதவு கிரீச்சிட்டது. ஜோஸி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மிஸஸ் லோகன் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தோளில் நீளமான இலைவாரியைச் சாய்த்துக்கொண்டு, பூங்காப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில் இலை வாரத் தோட்டத்துக்குப் போகலாம். பூங்காவுக்கு எதற்கு?

ஜோஸி இரவு உடையிலேயே ஓடினாள். ஜகரண்டா மரங்கள் ராத்திரி உதிர்த்த ஊதாப் பூக்கள் படிகளில் வழுக்கின. பின்பக்கத்துக் குறுக்கு வழியில் இறங்கியதால் அவளே முதலில் போய்ச் சேர்ந்தாள். கயிற்றை ஒட்டி, மேட்டுக்கு முன்னால், ஈரப் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

மிஸஸ் லோகன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"எழுந்திரு."

"மாட்டேன்."

"ஜோஸி, தரை ஈரம். சளி பிடிக்கும்."

"பிடிக்கட்டும்."

"உங்க அப்பாவைக் கூப்பிடுவேன்."

"அப்பா படகுல இருக்காரு."

மிஸஸ் லோகன் இலைவாரியைத் தரையில் ஊன்றினார். "இதோ பாரு. இது வெறும் சருகுக் குப்பை. அரை மணி நேர வேலை. பரப்பிவிட்டா புல்லு தெரியும். அவன் வேற எங்கயாவது போய்க் கட்டிக்குவான். அவனுக்கு வேற என்ன வேலை?"

"உள்ள முட்டை இருக்கு. பெட்டை வந்து வெச்சதை நானும் துவானும் பாத்தோம். கலைச்சா சூடு போயிரும்."

"யாருகிட்டப் போய் இந்த வேலையைக் காட்டுறேன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியும்," என்றாள் ஜோஸி. "நீங்க பண்ணினதைத்தான் பண்றேன்."

மிஸஸ் லோகன் அவள் உட்கார்ந்திருந்த ஈரப் புல்லைப் பார்த்தார். "நாங்க நாற்காலியாவது கொண்டுவந்தோம்," என்றார்.

"நான் அவசரமா வந்தேன்."

அந்த நேரம் பார்த்து நார்மன் வேலைக்கு வந்தான். மிஸஸ் லோகனை ஒரு கண்ணால் பார்த்தான். இலைவாரியை மறு கண்ணால் பார்த்தான். இரண்டையும் அவன் பொருட்படுத்தவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு சருகைத் தள்ள ஆரம்பித்தான். சருகு போகும் வழியில் ஜோஸி உட்கார்ந்திருந்தாள். அதைப் பற்றியும் அவனுக்குக் கவலை இல்லை. ஒரு தள்ளு. ஜோஸியின் மடியில் சருகு. இன்னொரு தள்ளு. தோளில் சருகு. மூன்றாவது தள்ளில் ஓர் அழுகிய அத்திப்பழம் அவள் காதருகே வந்து ஒட்டிக்கொண்டது.

ஜோஸி அசையவில்லை. அசைந்தால் எழுந்துவிட்டதாகக் கணக்கு ஆகிவிடுமோ என்று பயம்.

மிஸஸ் லோகனிடமிருந்து ஒரு விநோதச் சத்தம் வந்தது. அழுகிறாரோ என்று ஜோஸி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல், அத்திமர வேரில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"உன்னையும் சேர்த்துக் கட்டிருவான்போல இருக்கு," என்றார். "சும்மா எழுந்திரு, கண்ணு. நான் ஒண்ணும் பண்ணல." இலைவாரியைத் தூரமாகத் தள்ளி வைத்தார்.

ஜோஸி எழுந்து, காதைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கீழே முதல் படகு விளக்கோடு திரும்பி வந்துகொண்டிருந்தது.

"கொலீன் வர்றா," என்றார் மிஸஸ் லோகன். இப்போது அவர் சிரிக்கவில்லை. "அவளும் எங்க ஏழு பேர்ல ஒருத்தி. இப்போ வாலங்காங்ல மக வீட்டுல இருக்கா. சக்கர நாற்காலி. மருந்து, டாக்டர்னு ஆயிருச்சு. திரும்ப இவ்வளவு தூரம் அவளைக் கூட்டிட்டு வருவாங்களா, தெரியல. அன்னிக்கு இங்க உக்காரணும்னு மொதல்ல சொன்னதே அவதான். அதே இடத்துல ஒரு படம். அவ்வளவுதான் நான் கேட்டேன். அவளைக் கொண்டுபோய்க் கழிவறை பக்கத்துல எப்படி உக்கார வைப்பேன்?"

ஜோஸி மடியில் ஒட்டியிருந்த ஒரு சருகைக் கிள்ளி எடுத்தாள்.

"அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"என்னன்னு?"

"இங்க ஒரு கோழி இருக்கு, என்ன பண்ணலாம்னு."

மிஸஸ் லோகன் அவளைத் திரும்பிப் பார்த்தார். குழு எத்தனையோ முறை கூடிப் பேசியிருந்தது. ரஸ்ஸலிடம் பேசியது. நகராட்சிக்கு எழுதியது. கண்ணாடி வைத்தது. கொலீனிடம் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"அவளுக்கு இதெல்லாம் எதுக்குத் தொந்தரவுன்னு..." என்று இழுத்தார் மிஸஸ் லோகன். பிறகு, "நீ வா," என்று எழுந்தார்.

* * *

ஜோஸி வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். எதற்கு இரவு உடையில் சருகோடு நிற்கிறாய் என்று அம்மா கேட்டதற்கு, அப்புறம் சொல்கிறேன் என்றாள்.

மிஸஸ் லோகன் தொலைபேசியை மேசைமேல் வைத்து, குரல் இருவருக்கும் கேட்கும்படி செய்தார்.

"பெவ்? இந்நேரத்துல என்ன? நீ நல்லா இருக்கியா?"

"நல்லாத்தான் இருக்கேன். கொலீன், ஒரு பிரச்சினை."

மிஸஸ் லோகன் எல்லாவற்றையும் சொன்னார். மேடு, ரோஜாச் செடி, கண்ணாடி, கயிறு, கழிவறை. இலைவாரியைப் பற்றி முதலில் சொல்லவில்லை. ஜோஸி அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதையும் சொன்னார். இரவு உடையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்ததையும், அவள்மேல் சருகு விழுந்ததையும் சொன்னார்.

தொலைபேசிக்குள் கொலீன் சிரித்த சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகியது.

"இலைவாரியைத் தூக்கிட்டுப் போனியா? நீயா? பெவ், நீ புல்டோசராயிட்டியே!"

"போதும், கொலீன்."

"அந்தப் பறவை இன்னும் இருக்கா?"

"இருக்கான். என் மரச்சீவல்ல உக்காந்திருக்கான்."

"அவனை நகர்த்தினே, நான் வரமாட்டேன். வண்டிக்குச் சொன்னதை வேண்டாம்னு சொல்லிருவேன். நாளைக்கு நான் உன் மூஞ்சியைப் பாக்க வரல, அவனைத்தான் பாக்க வர்றேன். அந்தச் சின்னப் பொண்ணு இருக்காளா அங்க?"

"இருக்கேன்," என்றாள் ஜோஸி.

"சளி பிடிச்சுதா?"

"இன்னும் இல்ல."

"பிடிக்கும். எங்க எல்லாருக்கும் பிடிச்சுது," என்று சொல்லிவிட்டுக் கொலீன் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மிஸஸ் லோகன் தேநீர் போட்டார். மனம் லேசாகியிருந்தாலும் தொல்லை முழுதாகத் தீரவில்லை. கயிறு கயிறாகத்தான் இருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் மரம், இந்தப் பக்கம் சரிவு. நான்கு பேர் வரிசையாக உட்கார இடம் எங்கே?

ஜோஸி மேசையில் இருந்த சர்க்கரைக் கிண்ணத்தை நடுவில் வைத்தாள். "இது நார்மன் மேடு." நான்கு கோப்பைகளை எடுத்து, கிண்ணத்தைச் சுற்றி அரைவட்டமாக வைத்தாள். "இது நீங்க நாலு பேர். கயித்துக்கு வெளியே. வரிசையா வேண்டாம், வளைவா உக்காருங்க. மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு."

"முதுகைக் காட்டிக்கிட்டா?"

"அன்னிக்கும் மரத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தானே உக்காந்தீங்க?"

மிஸஸ் லோகன் கோப்பைகளைப் பார்த்தார். ஒரு கோப்பையை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "கொலீன் இங்க. அவளுக்கு வலது காது கேக்காது, நான் இந்தப் பக்கம் இருக்கணும்." பிறகு நெற்றியைச் சுருக்கினார். "சக்கர நாற்காலி வேர்மேல ஏறாதே."

"அப்பாகிட்டப் பலகை இருக்கு," என்றாள் ஜோஸி. "படகுல சக்கர நாற்காலி ஏத்துறதுதானே அவரு வேலை."

அன்று மாலை வேலை முடிந்து வந்த சார்லி, பழைய பலகைகள் இரண்டை வேர்களின்மேல் போட்டு, ஆடாமல் முட்டுக் கொடுத்தார். மகளைத் தோட்டத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து, மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். ரஸ்ஸல் வந்து அளந்து பார்த்துவிட்டு, "கயித்துக்கு வெளியேதானே? எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார். நகராட்சியில் இதைவிட அன்பாகப் பேச மாட்டார்கள்.

* * *

சனிக்கிழமை நல்ல வெயில். ஊரே வந்திருந்தது. நாய்களும் வந்திருந்தன, கயிற்றில் கட்டி. துவானின் கடையிலிருந்து ரொட்டி வந்தது. அதில் வெங்காயமும் சாசேஜும் வைத்துச் சுருட்டி எல்லோருக்கும் கொடுத்தார்கள். முனையைத் தாண்டிய படகு ஒன்று, மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல், ஹார்ன் அடித்துவிட்டுப் போனது.

கொலீன் சின்ன உருவம். பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். சார்லி அவரைப் பலகைமேல் தள்ளிக்கொண்டு போனபோது, "மெதுவா வேண்டாம், வேகமாப் போங்க," என்றார்.

நான்கு பெண்களும் மேட்டுக்கு முதுகைக் காட்டி, வளைவாக உட்கார்ந்தார்கள். அன்று கொண்டுவந்த அதே சமையலறை நாற்காலி மிஸஸ் லோகனிடம் மட்டும்தான் இருந்தது. ஒரு கால் ஆடியது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

நகராட்சித் தலைவர் பேச எழுந்தார். அவருக்கு முன்னால் யூகலிப்டஸ் இலையும் காட்டுப்பூவும் சுற்றிய மேசை ஒன்று வைத்திருந்தார்கள். "இந்த மண்ணை நேசித்த பெண்கள்," என்று அவர் ஆரம்பித்தபோது, கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்து அவர் குரலை உயர்த்தினார்.

மேசையின் மறுபக்கம் நார்மன் நின்றுகொண்டிருந்தான். இலைகளை ஏற இறங்கப் பார்த்தான். ஒரு கொத்தை இழுத்துப் பார்த்தான். தரமான இலை. முதுகைத் திருப்பிக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். தலைவர் பேசப் பேச, மேசையின் அலங்காரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அவர் காலணிமேல் வழிந்து, கூட்டத்தின் நடுவே நடந்து, கயிற்றுக்கு அடியில் நுழைந்து, மேட்டில் போய்ச் சேர்ந்தது. தலைவரின் பேச்சுத் தாளும் அதோடு போயிற்று.

"அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது," என்றார் தலைவர். கைதட்டல் பிரமாதமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் எடுத்த படம்தான் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. நான்கு பெண்களும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். மிஸஸ் லோகனின் கை கொலீனின் கைமேல் இருக்கிறது. பின்னால், மேட்டின் உச்சியில், நார்மனின் வால் மட்டும் தெரிகிறது.

கூட்டம் கேக் பக்கம் நகர்ந்தது. மிஸஸ் லோகன் யாரிடமோ நாற்காலியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கொலீன் தன் சக்கர நாற்காலியை மேட்டைப் பார்க்கும்படி திருப்பச் சொன்னார். ஜோஸி திருப்பினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"பிடிச்சிருச்சா?" என்றார் கொலீன்.

"லேசா."

"சொன்னேன்ல."

மேட்டின் ஓரத்தில் சருகு அசைந்தது. காற்று இல்லை. மறுபடியும் அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு பழுப்புத் தலை வெளியே வந்தது. பிறகு ஒரு கால். பிறகு, கைப்பிடிக்குள் அடங்குகிற ஒரு குஞ்சு முழுதாக வெளியே வந்து, உடம்பை உதறிக்கொண்டு நின்றது. அம்மாவைத் தேடவில்லை. அப்பாவையும் தேடவில்லை. நார்மனும் திரும்பிப் பார்க்கவில்லை. புதர் வான்கோழிகளுக்கு அப்படித்தான், வெளியே வந்த முதல் நாளே தனிக்குடித்தனம்.

குஞ்சு கயிற்றுக்கு அடியில் நுழைந்தது. கொலீனின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, ஜோஸியின் காலணிமேல் ஏறி இறங்கி, செடிகளைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தது.

ஜோஸி குரலைத் தாழ்த்தினாள். "எல்லாரையும் கூப்பிடட்டுமா?"

கொலீன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, அந்தக் குஞ்சு போவதைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

"வேண்டாம், கண்ணு," என்றார். "தெரிஞ்சா அதுக்கும் ஒரு குழு போட்டுருவாங்க."

குஞ்சு செடிக்குள் மறைந்தது. அப்புறம் ஜோஸி போய், இரண்டு பேருக்கும் கேக் வாங்கிக்கொண்டு வந்தாள்.